நம்பும்படியான ஓர் எண்

1

இந்தக் கதை எனக்குப் பல்வலியால் கிடைத்தது. கதை பிறந்த இடம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஓர் ஆற்றங்கரையோ மலையுச்சியோ அமைந்திருக்கலாம். எனக்கு அமைந்ததென்னவோ பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மீன்தொட்டி, பல் துலக்குவது எப்படி என்று விளக்கும் ஒரு படம். இதை எழுதும்போதும் என் வாயின் இடப்பக்கம் எனக்குச் சொந்தமாக இல்லை, இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. சற்றுமுன் தேநீர் குடிக்கப் பார்த்தேன். பாதி சட்டைக்குப் போயிற்று.

என் வீட்டு மேசையில் கடிகாரம் இருக்கிறது. மணி பன்னிரண்டு நாற்பது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொடக்கம் இரண்டு வைத்திருக்கிறேன்.

'அன்று காலை வானம் ஈயம் பூசிய பாத்திரத்தைப் போல

வேண்டாம். வானத்தை வைத்துக் கதையைத் தொடங்குகிறவனை நம்பக் கூடாது. அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

'பத்தொன்பது பேரும் உயிரோடு இறங்கினார்கள்.'

இது பரவாயில்லை. எல்லோரும் பிழைத்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பிழைத்த பிறகுதான் இந்தக் கதையே. அதனால் இது இருக்கட்டும்.

2

அவள் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, வீங்கிய வலக்கன்னம், மடியில் கைப்பை. நாற்காலிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து ஒரு குடையும், ரப்பர் பேண்டு போட்ட ஒரு தாள்சுருளும். மருத்துவர் வர ஒரு மணி நேரம் தாமதம். வலியோடு இருக்கும் இரண்டு பேரை ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் சண்டை வரும், இல்லாவிட்டால் சொந்தக் கதை வரும். எங்களுக்குக் கதை வந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள். கதை எழுதுகிறேன் என்றேன்.

"அப்ப நீங்களும் இல்லாததை எழுதறவர்தான்" என்றாள்.

அந்த 'நீங்களும்' என் காதில் விழுந்தது, ஆனால் அப்போது உறைக்கவில்லை.

அவள் ஒரு சின்ன விமான நிலையத்தில் வானிலைப் பதிவாளர். அரை மணிக்கு ஒருமுறை பாரோமீட்டரைப் பார்த்துக் காற்றின் எடையைக் குறித்துச் சொல்வது வேலை. நிலையத்தில் எல்லோருக்கும் அவள் காற்றுக்காரி. ஆகாயத்தில் போகிற விமானம் தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். நான் சகலமும் தெரிந்தவன் தோரணையில், ஏதோ ஒரு கதிரைத் தரைக்கு அனுப்பி அளப்பார்கள் என்றேன். அவள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

(அப்படி அளக்கும் கருவியும் உண்டாம், பெரிய விமானங்களில், தரைக்கு நெருங்கி வரும்போது. அவள் சொன்ன விமானத்தில் அது கிடையாது. விஷயம் தெரிந்த வாசகர் கடிதம் எழுத வேண்டாம்.)

விமானம் தரையைப் பார்ப்பதே இல்லை, காற்றைத்தான் எடைபோடுகிறது என்றாள். உயரமானிக்குள் மெல்லிய தகட்டாலான, மூடிய ஒரு சின்னப் பெட்டி. மேலே போகப்போக வெளிக்காற்று இளைக்கும், பெட்டி உப்பும். மலைப்பாதையில் ஏறும் பேருந்தில் பிஸ்கட் பாக்கெட் உப்புமே, அதே சங்கதி. அந்த உப்பல் ஒரு முள்ளைத் திருப்புகிறது, முள் அடிக்கணக்கைக் காட்டுகிறது. ஆனால் தரையில் காற்றின் எடை தினம் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஒரே நாளிலும் மாறும். ஆகவே இன்றைக்கு, இந்த நேரத்துக்குக் கீழே எடை எவ்வளவு என்று தரையிலிருந்து ஒருவர் சொல்லியாக வேண்டும். விமானி ஒரு திருகைத் திருப்பி, உயரமானியில் உள்ள சின்ன ஜன்னலில் அந்த எண்ணை வைப்பார். அதற்கப்புறம்தான் முள் சொல்வதை நம்பலாம்.

அந்த எண்ணில் ஒன்று கூடிக் குறைந்தால் உயரத்தில் ஏறக்குறைய இருபத்தெட்டு அடி மாறும். தரையிலிருந்து சொல்லும் எண் உண்மையைவிடக் கூடுதலாக இருந்தால், முள் உண்மையைவிடக் கூடுதலான உயரத்தைக் காட்டும். விமானி தான் இருப்பதாக நினைக்கும் இடத்துக்குக் கீழே இருப்பார். மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

எவ்வளவு உயரம் என்று யாராவது கேட்டால், எதிலிருந்து என்று திருப்பிக் கேட்க வேண்டுமாம். கடல்மட்டத்திலிருந்தா, ஓடுபாதையிலிருந்தா என்பதைப் பொறுத்து விடை மாறும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஓரளவுக்கு மேலே போய்விட்டால் உலகத்தில் உள்ள அத்தனை விமானிகளும் ஜன்னலில் 1013 என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்கிறார்கள். கீழே அன்றைக்கு அந்த எடை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அந்த நேரத்தில் யாருடைய முள்ளும் நிஜமான உயரத்தைச் சொல்லாது. ஆனால் அக்கம்பக்கத்தில் பறக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு தப்பு என்பதால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வதில்லை.

எனக்கு வாயெல்லாம் பல், அந்த வலியிலும். எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லி உயிர் பிழைக்கிறார்கள். இதைவிட ஒரு கதாசிரியனுக்கு என்ன வேண்டும்? சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன்.

அவள் என் பேனாவைப் பார்த்தாள். "மேல இருக்கற வரைக்கும் அந்தப் பொய் போதும் சார்" என்றாள். "எறங்கறப்ப உண்மை வேணும்."

3

மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணிக்குக் காற்றுக்காரி பாரோமீட்டரின் திரையைப் பார்த்தாள். 999. பதிவேட்டில் எழுதினாள், கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். மழை விட்டும் விடாமலும் இருந்தது, மேகம் மரத்தலைகளுக்கு இறங்கியிருந்தது. ஏழரைக்கு மறுபடி பார்த்தாள். 991.

அரை மணி நேரத்தில் எட்டு. பதினொரு வருடத்தில் அரை மணிக்கு மூன்றுக்கு மேல் இறங்கி அவள் பார்த்ததில்லை. பாரோமீட்டர் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். எண் அசையவில்லை. போன மாதம்தான் அந்தப் பெட்டி கிறுக்குப் பிடித்து ஏதேதோ எண்களைக் காட்டி, பழுது பார்க்கப் போய்த் திரும்பியிருந்தது. புத்தியைக் காட்ட ஆரம்பித்துவிட்டது என்று மனதுக்குள் திட்டினாள்.

மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கீழ்த்தளத்தில் உள்ள இரண்டாவது பாரோமீட்டரோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. இறங்க நாற்பத்திரண்டு படி, ஏற நாற்பத்திரண்டு. அதுகூட வேண்டாம், அவள் முதுகுக்குப் பின்னாலேயே இன்னொரு சாட்சி இருந்தது. மேசைமேல் மெதுவாகச் சுழலும் பழைய உருளை, அதன்மேல் சுற்றிய தாள், தாளில் காற்றின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்துகொண்டே போகும் ஒரு பேனா. வாரத்துக்கு ஒரு தாள். தலையைத் திருப்பியிருந்தால் போதும்.

[இந்த இடத்தில் முதலில் 'அவளுக்கு அன்றும் பல் தெறித்தது' என்று எழுதினேன். உங்களிடமிருந்து அவளுக்குக் கொஞ்சம் மன்னிப்பு வாங்கிக் கொடுக்கலாமே என்றுதான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டேன்.]

தொலைபேசி அடித்தது. கோபுரத்தில் இருந்தவர், காலை விமானம் மேகத்துக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது, எண்ணைச் சீக்கிரம் கொடு என்றார். அவள் பதிவேட்டில் 998 என்று எழுதினாள். எழுதியதை வாசித்தாள். முந்தைய எண்ணைவிட ஒன்று குறைவு, மழை நாளில் யாரும் ஏன் என்று கேட்காத இறக்கம்.

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர்களுக்குத் தாங்கள் சொல்வது பொய் என்று தெரியும். அவள் உண்மையைப் பார்த்தாள், அது நம்பும்படி இல்லை, ஆகவே திருத்தினாள். நான் முப்பது வருடமாகச் செய்யும் தொழில் இது. பக்கத்து வீட்டில் கண்ணால் கண்டதை அப்படியே எழுதி அனுப்பினால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகையிலிருந்து திரும்பி வரும். மூலை முடுக்கைச் சீவி அனுப்பினால் அச்சாகும். எனக்கு அதற்குப் பாராட்டுக்கூட வந்திருக்கிறது.

கோபுரம் 998 என்றது. விமானி விதிப்படி 998 என்று திருப்பிச் சொல்லி, திருகைத் திருப்பினார். ஓடுபாதை கண்ணில் படாமல் ஐந்நூறு அடிக்குக் கீழே வரக் கூடாது. முள் ஐந்நூறில் நின்றது, அவரும் அங்கேயே நிலைநிறுத்தினார். ஏழு தரம் இருபத்தெட்டு நூற்றுத் தொண்ணூற்றாறு. அவர் உண்மையில் முந்நூறு அடியில் பறந்துகொண்டிருந்தார். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு மேட்டில் ஊருக்குத் தண்ணீர் விடும் தொட்டி இருக்கிறது. அதன் உச்சி ஓடுபாதையிலிருந்து இருநூற்று நாற்பது அடி. மேகத்துக்குள்ளிருந்து அந்தத் தொட்டியின் இரும்பு ஏணி இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே புறப்பட்டு வந்து மறைந்தது. அவர் சட்டென்று மேலே தூக்கினார். அடுத்த நொடி விளக்குகள் தெரிந்தன, இறக்கினார். ஏழு நாற்பத்தொன்று. பத்தொன்பது பேரும் பைகளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

எட்டு மணிக்குத் திரையில் மறுபடியும் 991. இப்போது காற்றுக்காரி தலையைத் திருப்பினாள். உருளையில் பேனா ஏழேகாலுக்குச் செங்குத்தாக இறங்கி, அங்கிருந்து சமமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பெட்டிக்கு ஒன்றும் இல்லை. அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

4

எட்டரைக்கு விமானி வழக்கம்போலத் தேநீர் குடிக்க வானிலை அறைக்கு வந்தார். அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். புறப்படும் முன் பயணிகளைக் கண்ணாலேயே எடைபோட்டு, கனமானவர்களை இடம் மாற்றி உட்கார வைப்பார். சர்க்கரையைக்கூடக் கரண்டி விளிம்போடு வழித்துத்தான் போடுவார். அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். வானொலியில் மட்டும் உறவு கிடையாது, எண்தான்.

அன்று பாதித் தேநீரில் நிறுத்தினார்.

"கீழ இருக்கற ரெண்டாவது பாரோமீட்டர் நல்லா வேலை செய்யுதா தங்கச்சி?"

"நல்லாத்தான் இருக்குண்ணே."

அவர் டம்ளரைக் கையில் உருட்டியபடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். மீதித் தேநீரை அவள் கொட்டிக் கழுவினாள்.

விஷயம் அத்தோடு போயிருக்கும். ஆனால் தண்ணீர்த் தொட்டிக் காவலர், விமானம் போன காற்றில் தன் கொடித்துணியெல்லாம் பறந்துவிட்டது என்று மனு எழுதினார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. காவலர் காட்டிய இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, விமானம் முந்நூறு அடியில் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். உயரமானியைக் கழற்றிச் சோதித்தார்கள், பழுதில்லை. ஒன்று, தரையிலிருந்து வந்த எண் தப்பு. இல்லாவிட்டால், விமானி அசட்டையாக இறங்கியிருக்கிறார்.

குழுவின் எழுத்தர் அவளுக்குத் தொலைபேசி செய்து, அந்த வாரத்து உருளைத் தாள் வேண்டும் என்றார். அவள் யோசிக்கும் முன் வாய் முந்திக்கொண்டது. பேனாவில் மை காய்ந்துவிட்டது, தாளில் ஒன்றும் விழவில்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அந்தத் தாள் அவள் கண்ணெதிரே மேசையில் இருந்தது. முதலில் செய்தது திருத்தம், இது பொய். அன்று மாலை தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிமேல் போட்டாள். முதுகுத்தண்டு பிசகி ஒரு வருடமாக வீட்டோடு இருக்கும் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் முதல் அமர்வு. எண் தப்பாக இருந்திருக்குமா என்று தராசிடம் கேட்டார்கள். அவர் சொன்னதை அவள் எனக்கு வரி பிசகாமல் சொன்னாள். "அந்தப் பொண்ணு பதினோரு வருஷமா நம்பர் குடுக்கறா. ஒரு தடவை தப்பினதில்ல. நான்தான் அசந்துட்டேன்." இறங்கி நின்ற பிறகு உயரமானியின் முள் எங்கே இருந்தது என்றும் கேட்டார்களாம். பார்க்கவில்லை என்றாராம்.

"முள்ளைப் பாக்கலைன்னு சொன்னார் சார்" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி, குறித்துக்கொண்டேன்.

இன்று மூன்று மணிக்கு நிலையத்தில் கடைசி அமர்வு. அவர் ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. உரிமத்தைப் பிடுங்கி, பத்தொன்பது பேரைக் கொல்லப் பார்த்தவர் என்ற பெயரோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். பதிவேடு சரி என்று கையெழுத்துப் போட அவள் போக வேண்டும். தாளை எடுத்து மேசைமேல் வைத்தால் அவர் தப்புவார், அவள் வேலை போகும், வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. என்ன செய்யப்போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அலமாரியிலிருந்து இறக்கிய தாள் எங்கள் இருவர் நாற்காலிக்கும் நடுவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அப்போது நர்ஸ் அவளைக் கூப்பிட்டாள்.

5

மணி ஒன்று முப்பத்தைந்து. மரப்பு உதட்டிலிருந்து விலகி, தாடையில் மட்டும் நிற்கிறது.

தராசு என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? அவருக்கு ஒரு கோணல் வேண்டும் என்று தோன்றியது. முன்கோபம் வைக்கலாமா, பழைய தப்பு ஒன்றை வைத்து அதற்குப் பரிகாரமாக

இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை, 'முள்ளைப் பார்க்கவில்லை' என்ற வரி. சர்க்கரையை வழித்துப் போடுகிற மனிதர், தொட்டி ஏணியை அவ்வளவு பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவர், வண்டி நின்றதும் உயரமானியைப் பார்க்கவில்லையாம். அந்தப் பாத்திரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. வாசகர் கண்டுபிடித்துவிடுவார். அந்த வரியை எடுத்துவிட்டால் கதை வழுக்கிக்கொண்டு போகும் என்று முடிவு செய்து, அடிக்கப் பேனாவை வைத்தேன். வரியின் பாதி வரைக்கும் அடித்தும்விட்டேன்.

பிறகு, ஓட்டையை அடைப்பதற்காகவே, அவர் பார்த்திருந்தால் என்ன பார்த்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விமானம் தரையில் நிற்கிறது. ஜன்னலில் 998. தரையில் காற்று 991. சக்கரம் ஓடுபாதையில் இருக்கும்போது முள், ஓடுபாதைக்கு மேலே இருநூறு அடியில் பறப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். முள் இறங்கவே இல்லை. தொழில் தெரிந்த எவரும் ஒரு நொடியில் புரிந்துகொள்வார், கீழிருந்து வந்த எண் தப்பு என்று.

அவர் பார்த்திருக்கிறார். ஏழு நாற்பத்தொன்றுக்கே அவருக்குத் தெரியும். எட்டரைக்கு வந்து பாரோமீட்டர் நலமா என்று கேட்டது தேநீர்ப் பேச்சு அல்ல. அவளே சொல்லட்டும் என்று வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அவள் நல்லாத்தான் இருக்கு என்று சாத்திவிட்டாள். அதற்கப்புறமும் குழுவின் முன்னால் போய் நின்று, பார்க்கவில்லை என்றார்.

அவளுக்கும் இது தெரியும். தெரிந்துதான் இரண்டு தடவை சொன்னாள், சொல்லிவிட்டு எனக்குப் புரிந்ததா என்று பார்த்தாள். நான் மாடு மாதிரித் தலையாட்டினேன். புரியாததோடு, நம்பும்படி இல்லை என்று அடிக்கவும் போனேன். அடித்த கோடு மேலே அந்த வரியில் இன்னும் இருக்கிறது. அச்சில் உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

6

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அது அந்தத் தாள்சுருள்.

மறந்து வைத்துவிட்டுப் போனாள் என்று எழுதுவது சுலபம். நடந்தது இது. சிகிச்சை முடிந்து வெளியே வந்தவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கேட்ட கேள்வி, "முடிவு என்ன?" என்பது. என்ன செய்யப்போகிறீர்கள் என்றுகூட இல்லை, ஏதோ தொடர்கதை கேட்பதுபோல முடிவு என்ன என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள், ஊசி போட்ட வாய், ஒன்றும் வரவில்லை. மூன்று மணிக்குள் பேச்சு வந்துவிடும் என்று நர்ஸ் ஆறுதல் சொன்னாள். காற்றுக்காரி குடையை எடுத்தாள். சுருளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடையோடு மட்டும் படியிறங்கிப் போனாள்.

செருப்புச் சத்தம் படியில் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து, ஏங்க, இதை விட்டுட்டீங்க என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள், நானும் உள்ளே போனேன். எனக்குப் பல்வலி

அந்தப் பல்லையும் பிடுங்குகிறேன். பல்வலி அல்ல காரணம். எனக்குக் கதை வேண்டும். அவள் அந்தத் தாளோடு போய்விட்டால் கதையும் அவளோடு போய்விடும் என்று நினைத்தேன். நல்ல மனிதன் செய்கிற காரியமில்லை, தெரியும்.

இன்னொன்று. முதல் பகுதியில் மணி பன்னிரண்டு நாற்பது என்று எழுதினேன். அதை எழுதியபோது உண்மையில் மணி பன்னிரண்டு ஐந்து. அதற்கப்புறம் முப்பத்தைந்து நிமிடம் ரப்பர் பேண்டைக் கழற்றித் தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கட்டங்கள், ஊதா மை. திங்களும் செவ்வாயும் தூங்குகிறவரின் மூச்சுப்போல ஏறி இறங்குகிற கோடு, புதன் ஏழேகாலுக்கு விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் பெருவிரல் ரேகை ஒன்று மையில் ஒட்டியிருக்கிறது. ஒருவன் முப்பத்தைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்களோ என்று நேரத்தைத் திருத்தினேன்.

7

மணி இரண்டு. முடிவுகள். சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

கடல்மட்டத்திலிருந்து அளந்தால்: அவள் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, மை காயவில்லை என்கிறாள். தராசு தலையைக் குனிந்துகொள்கிறார். வேலை போகிறது. அண்ணன் என்று அவரை மறுபடி கூப்பிட முடிகிறது.

ஓடுபாதையிலிருந்து, அதாவது அவள் வீட்டுத் தரையிலிருந்து அளந்தால்: ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு எப்படியும் ஓய்வுதான், கொஞ்சம் முன்னதாக. அவருக்கே சம்மதம். கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள், அரை மணிக்கு ஒருமுறை எண் சொல்கிறாள். தேநீருக்கு யாரும் வருவதில்லை.

மூன்றாவது, எல்லோரும் ஒத்துக்கொண்ட எண்: திடீர் வானிலை மாற்றமே காரணம், எவர் மீதும் குற்றமில்லை என்று குழு எழுதிக் கோப்பை மூடுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாம்பும் சாகாது, கம்பும் முறியாது. பத்திரிகையிலும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் இது 998. எனக்கு இப்போது அந்த எண் பார்த்தவுடன் தெரிகிறது.

நாலாவதாக ஒரு முடிவும் இருக்கிறது. அதற்கு நான் எழுதவே வேண்டியதில்லை, இங்கேயே உட்கார்ந்து மூன்று மணி வரைக்கும் வாக்கியங்களைச் சீவிக்கொண்டிருந்தால் போதும். அவள் மனம் மாறித் தாளைத் தேடினாலும் தாள் அங்கே இருக்காது. ஏறக்குறைய இரண்டு மணி நேரமாக நான் எழுதிக்கொண்டிருந்தது அந்த முடிவைத்தான்.

நிலையத்துக்குத் தொலைபேசி செய்யலாமே என்பீர்கள். யாரிடம், என்னவென்று சொல்வது? அது அவளைக் காட்டிக்கொடுப்பது. அவள் வேண்டுமென்றே விட்டுப் போயிருந்தாலும், இதை வைத்துக்கொள்ளும் உரிமையை எனக்குக் கொடுத்தாள் என்று ஆகாது. இது அவள் கோடு. அவள் கையில் திரும்பப் போக வேண்டும். குழுவிடம் அல்ல, அவள் கையில். அதற்கப்புறம் அவள் பாடு, அவள் அண்ணன் பாடு.

வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டேன். நிலையத்துக்கு நாற்பது நிமிடம். வாய் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, நான் பேசினால் யாருக்கும் புரியாது. ஆனால் ஒரு தாளை நீட்டுவதற்குப் பேச்சு வேண்டியதில்லை.

இந்தக் காகிதங்களையும் கூடவே கொண்டுபோகிறேன். எல்லாம் முடிந்த பிறகு அவளிடம் கொடுப்பேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வருவேன், ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ள மாட்டேன். ஊரறிய அவள் சொல்லிவிட்டாள் என்றால்தான் இது அச்சுக்குப் போகும். ஆகையால் முடிவு எனக்குத் தெரியாது. இது உங்கள் கையில் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மணி இரண்டு பத்து. இதைத் திருத்தவில்லை. கார் வந்துவிட்டது.